தடித்த எழுத்தில் வராத எண்

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு 43 வயது. மும்பை செம்பூரில் இருக்கிறோம், ஃபோர்ட்டில் ஓர் இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் வேலை. 2023 செப்டம்பரில் டெங்கு வந்து பத்து நாள் படுத்தேன். காய்ச்சல் போனது, பழைய உடம்பு திரும்பவில்லை. எட்டு ஒன்பது மணி நேரம் படுக்கிறேன்; எழும்போது அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது. வாய் வறண்டு, தலை கனக்கும். ஞாயிற்றுக்கிழமை ஒட்டடை அடித்து வீட்டைக் கழுவினால் அன்று ஒன்றும் தெரியாது. திங்கள் சாயங்காலம் தொடங்கி செவ்வாய் முழுக்கப் படுக்கைதான், தொண்டைகூட வலிக்கும். வீடு திரும்பும்போது ரயிலில் இடம் கிடைத்தால் கண் சொருகிவிடுகிறது. ஒருமுறை செம்பூர் தாண்டி மான்குர்டில் விழித்தேன். ஆனால் இரவு படுத்தால் காலுக்குள் ஏதோ ஊர்கிறது. மகனைக் கால் அமுக்கச் சொல்வேன். என் குறட்டையைச் சொல்லி வீட்டில் சிரிப்பார்கள். எட்டு மாதமாக அல்பிரசோலம் 0.5 போட்டுத்தான் தூங்குகிறேன்.

அலுவலகத் தோழி சொன்னாள் என்று ஒரு லேபில் 24,500 ரூபாய் கட்டி ‘முழு இம்யூனிட்டி பேனல்’ எடுத்தேன். ஒன்பது பக்க ரிப்போர்ட். மூன்று மட்டும் தடித்த எழுத்தில் வந்திருக்கின்றன: என்.கே. செல் 4 சதவீதம், குறைவு. எப்ஸ்டீன்-பார் வைரஸ் ஐ.ஜி.ஜி. பாசிட்டிவ், ஏ.என்.ஏ. 1:80 பாசிட்டிவ். லேபிலிருந்து போன் செய்து, “எதிர்ப்பு சக்தி இறங்கிவிட்டது, அடுத்த கட்ட டெஸ்ட் எடுங்கள், குடும்பத்தோடு எடுத்தால் சலுகை” என்றார்கள். மகனுக்கு 2,000 ரூபாய் அட்வான்ஸ் கட்டிவிட்டேன். மூட்டு வீக்கம், தோல் தடிப்பு எதுவும் இல்லை. கணவர் எல்லாம் மனசு என்கிறார். என் எதிர்ப்பு சக்தி உண்மையிலேயே போய்விட்டதா? ரிப்போர்ட்டை இணைத்திருக்கிறேன்.
— செம்பூர் வாசகி

பதில்: அன்புள்ள சகோதரி,

உங்கள் ஒன்பது பக்கத்தையும் இரண்டு முறை படித்தேன். முதலில் உங்கள் கேள்விக்கு நேரடியான பதில்: இல்லை, உங்கள் எதிர்ப்பு சக்தி போய்விடவில்லை. தடித்த எழுத்தில் வந்த மூன்று எண்களும் என்னைக் கவலைப்படுத்தவில்லை. ஆனால் ஏழாம் பக்கத்தில், சாதாரண எழுத்தில், யாரும் கோடு போடாமல் ஒரு எண் இருக்கிறது. அதோடு, கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் சொன்ன மூன்று விஷயங்கள்: குறட்டை, காலில் ஊர்வது, மான்குர்டில் விழித்தது. எனக்கு இந்த நான்கும்தான் முக்கியம். ஆனால் அந்த மூன்று எண்களும் உங்கள் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கும் என்பதால் அவற்றை முதலில் முடித்துவிடுவோம்.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் பாசிட்டிவ் என்பதைப் பார்த்துப் பயந்திருப்பீர்கள். உலகத்தில் வயது வந்தவர்களில் 100 பேருக்கு 90 பேருக்கும் மேல் இது பாசிட்டிவாகத்தான் வரும். எனக்கும் வரும், லேபிலிருந்து போன் செய்தவருக்கும் பெரும்பாலும் வரும். சின்ன வயதில் ஒரு சாதாரணத் தொண்டைக் காய்ச்சலாக வந்துபோகிற வைரஸ் அது. வந்த பிறகு உடம்பைவிட்டு முழுதாகப் போகாது, சத்தமில்லாமல் உள்ளே கிடக்கும். ஐ.ஜி.ஜி. என்பது அதன் பழைய தடம். உங்கள் உடம்பு அந்த வைரஸை எப்போதோ சந்தித்து அடக்கிவிட்டது என்பதற்குச் சாட்சி. எதிர்ப்பு சக்தி வேலை செய்ததன் அடையாளத்தையே எதிர்ப்பு சக்தி போய்விட்டதற்கு ஆதாரமாக உங்களிடம் காட்டியிருக்கிறார்கள்.

ஏ.என்.ஏ. 1:80. எதிர்ப்பு சக்தி சொந்த உடம்பையே தாக்குகிற லூபஸ் போன்ற நோய்களைத் தேடும்போது கேட்கிற டெஸ்ட் இது. 1997ல் நோய் எதுவும் இல்லாதவர்களிடம் இதை எடுத்துப் பார்த்தார்கள். 1:80 அளவில் 100க்குச் சுமார் 13 பேருக்குப் பாசிட்டிவ் வந்தது. மூட்டு வீக்கம், முகத்தில் தடிப்பு, ஆறாத வாய்ப்புண், சிறுநீரில் புரதம் என்று ஏதாவது இருந்தால் இந்த எண்ணுக்கு ஒரு பொருள் இருக்கும். உங்களுக்கு இவை இல்லை. சிறுநீர்ப் பரிசோதனையும் சுத்தமாக இருக்கிறது. இதை இத்தோடு விட்டுவிடலாம்.

என்.கே. செல் என்பது கிருமி தொற்றிய செல்களையும் புற்றுச் செல்களையும் அழிக்கிற ஒரு வகை வெள்ளையணு. அந்த விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. நாள்பட்ட களைப்பு நோய் (ஓய்வெடுத்தும் தீராத களைப்பு மாதக்கணக்கில் நீடிக்கிற தனி நோய்) உள்ளவர்களிடம் இந்தச் செல்களின் வேலைத்திறன் குறைந்திருப்பதாகப் பல ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. குறையவில்லை என்று சொன்னவையும் உண்டு. ஆனால் அந்த ஆய்வுகளில் பார்த்தது வேலைத்திறனை. அதற்கு ரத்தத்தை எடுத்த சூட்டோடு, ஒரு நாளுக்குள், உயிரோடு இருக்கிற புற்றுச் செல்களோடு சேர்த்து வைத்து எத்தனையை அழிக்கிறது என்று அளக்க வேண்டும். உங்களுக்குச் செய்தது அது இல்லை, வெறும் எண்ணிக்கை. என்.கே. செல்களும் அடங்கிய லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு வகையில், உடம்பிலுள்ள மொத்தத்தில் சுமார் 2 சதவீதம்தான் எந்த நேரத்திலும் ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கும்; மற்றவை மண்ணீரலிலும் நெறிக்கட்டிகளிலும் குடலிலும் எலும்பு மஜ்ஜையிலும் இருக்கின்றன. காலை ஏழு மணிக்கு செம்பூர் பிளாட்பாரத்தில் நிற்பவர்களை எண்ணிவிட்டு செம்பூரில் ஜனம் குறைந்துவிட்டது என்று சொல்ல முடியுமா? படி ஏறிவிட்டு ரத்தம் கொடுத்தால் ஒரு எண், உட்கார்ந்து கொடுத்தால் ஒரு எண், காலையில் ஒன்று, மாலையில் ஒன்று.

அப்புறம், இதில் தூக்கமும் கலந்திருக்கிறது. 1994ல் மைக்கேல் இர்வின் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் நல்ல ஆரோக்கியமான 23 ஆண்களை ஒரே ஒரு நாள் அதிகாலை 3 மணியிலிருந்து 7 மணிவரை தூங்கவிடாமல் வைத்தார்கள். அந்த ஒரு இரவிலேயே 23 பேரில் 18 பேருக்கு என்.கே. செல்களின் வேலைத்திறன் இறங்கியது; சராசரி, பழைய அளவில் 72 சதவீதத்துக்கு வந்துவிட்டது. மறுநாள் இரவு நன்றாகத் தூங்கியதும் பழையபடி ஏறிவிட்டது. உங்கள் ரிப்போர்ட்டில் ரத்தம் எடுத்த நேரம் காலை 7.10 என்று இருக்கிறது. அதற்கு முந்தைய இரவு எப்படித் தூங்கினீர்கள் என்று யாராவது கேட்டார்களா? இரண்டு வருடமாகச் சரியாகத் தூங்காத ஒருவரின் ரத்தத்தில் இந்த எண் கொஞ்சம் இறங்கி இருந்தால், எதிர்ப்பு சக்தி போய் அதனால் களைப்பு வந்தது என்று படிப்பதா, தூக்கம் கெட்டு அதனால் எண் இறங்கியது என்று படிப்பதா? எதிர்ப்பு சக்தியில் கை வைப்பதற்கு என்னிடம் மருந்து இல்லை. தூக்கத்தில் கை வைக்க வழி இருக்கிறது. நான் அங்கிருந்துதான் தொடங்குவேன்.

அடுத்த கட்ட டெஸ்ட்டுக்குப் போவதற்கு முன்னால் ஒரு பழைய கதையையும் தெரிந்துகொள்ளுங்கள். 2009 அக்டோபரில் ‘சயின்ஸ்’ இதழில், களைப்பு நோயாளிகள் 101 பேரில் 68 பேரின் ரத்தத்தில் எக்ஸ்.எம்.ஆர்.வி. என்ற வைரஸ் இருப்பதாக ஒரு கட்டுரை வந்தது. காரணம் கிடைத்துவிட்டது என்று உலகம் முழுக்க நோயாளிகள் அழுதார்கள், சந்தோஷத்தில். உடனே அந்த வைரஸுக்கான டெஸ்ட் காசுக்கு விற்பனைக்கு வந்தது. சிலர் எச்.ஐ.வி. மருந்துகளைக்கூட வாங்கிச் சாப்பிட்டார்கள். மற்ற லேப்கள் தேடிப் பார்த்தபோது வைரஸ் கிடைக்கவில்லை. ஆய்வுக்கூடத்திலேயே மாதிரிகளில் கலந்த அசுத்தம் அது என்று தெரிந்தது. 2011 டிசம்பரில் இதழே கட்டுரையை விலக்கிக்கொண்டது. டெஸ்ட்டுக்குக் கொடுத்த பணம் போனது. அதைவிட, நம்பிக்கை வைத்தவர்களுக்கு விழுந்த அடி பெரியது. அதனால்தான் இந்த நோய்க்கென்று ஒரு புது ரத்தப் பரிசோதனையை யாராவது நீட்டும்போது நான் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்கிறேன்: இது பாசிட்டிவ் வந்தால் நாளைக்கு என் சிகிச்சையில் என்ன மாறும்? பதில் இல்லையென்றால் டெஸ்ட்டும் வேண்டாம்.

எதிர்ப்பு சக்தி டெஸ்ட்டே வீண் என்று நினைத்துவிடாதீர்கள். வருடத்துக்கு இரண்டு முறை நிமோனியா, திரும்பத் திரும்ப சைனஸில் சீழ், ஆறாத புண் என்று வந்தால் நானே ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். என்ற எதிர்ப்புப் புரதங்களின் மொத்த அளவை எடுக்கச் சொல்வேன். உங்கள் பேனலில் அந்த மூன்றும் இருக்கின்றன, மூன்றும் சரியாக இருக்கின்றன. இதை உங்களிடம் யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

சரி, ஏழாம் பக்கத்துக்கு வருவோம். பேக்கேஜோடு சேர்ந்து வந்த டெஸ்ட்டுகளில் ஃபெரிட்டின் என்று ஒன்று இருக்கிறது. உடம்பு சேமித்து வைத்திருக்கிற இரும்புச்சத்தின் கணக்கு அது. உங்களுக்கு 16. லேப் அச்சிட்டிருக்கிற அளவு 10 முதல் என்பதால் கம்ப்யூட்டர் அதை ‘நார்மல்’ என்று விட்டுவிட்டது. ஹீமோகுளோபின் 12.1 இருப்பதால் ரத்தசோகை இல்லை என்று பார்த்தவர்களும் விட்டிருப்பார்கள். சம்பளம் மாதாமாதம் வருகிறது, பாங்கில் சேமிப்பு மட்டும் காலி, அந்த நிலைமை இது. ரத்தம் சிவப்பாகத்தான் இருக்கும், ஆனால் தசைக்கும் மூளைக்கும் கொடுக்க இருப்பு இல்லை. பிரான்சில் ரத்தசோகை இல்லாத, ஆனால் ஃபெரிட்டின் 50க்குக் கீழே இருந்த, களைப்பு என்று வந்த 198 பெண்களுக்கு 12 வாரம் இரும்பு மாத்திரையோ மருந்தில்லாத வெறும் மாத்திரையோ கொடுத்துப் பார்த்தார்கள். 2012ல் முடிவு வந்தது. வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களுக்குக் களைப்பு 29 சதவீதம் குறைந்தது, இரும்பு சாப்பிட்டவர்களுக்கு 48 சதவீதம்.

உங்கள் காலில் ஊர்கிறதே, அதற்கும் இதே எண்தான் கதவு. படுத்தால் காலுக்குள் ஊர்வது, அசைத்தாலோ அமுக்கினாலோ கொஞ்சம் சுகம், மறுபடி படுத்தால் மறுபடி, ராத்திரியில்தான் அதிகம். இது ரெஸ்ட்லெஸ் லெக்ஸ் என்கிற தனி நோய். மகன் கால் அமுக்கியதும் சுகமாக இருந்ததால் இதை உடம்பு வலி என்று எடுத்துக்கொண்டிருப்பீர்கள். மூளையில் இரும்பு குறைவது இதற்கு முக்கியமான காரணம். இந்த நோய் உள்ளவர்களுக்கு ஃபெரிட்டின் 75ஐத் தொடாதவரை இரும்பு கொடுக்க வேண்டும் என்பதுதான் இப்போதைய வழிகாட்டல். உங்களுக்கு 16.

இரும்பு மாத்திரையை மெடிக்கலில் நீங்களாக வாங்காதீர்கள். இந்த வயதில் இருப்பு ஏன் கரைந்தது என்று முதலில் பார்க்க வேண்டும். கடிதத்தில் நீங்கள் எழுதவில்லை, அதனால் கேட்கிறேன்: மாதவிடாய் ஏழு நாளுக்கு மேல் போகிறதா, கட்டி கட்டியாகப் போகிறதா, ராத்திரி எழுந்து நாப்கின் மாற்ற வேண்டியிருக்கிறதா? நம் பெண்கள் இதையெல்லாம் “எனக்கு எப்போதும் அப்படித்தான்” என்று சொல்லி முப்பது வருடம் ஓட்டிவிடுகிறார்கள். அப்படி இருந்தால் ஒரு மகப்பேறு மருத்துவரிடம் காட்டி ஸ்கேன் எடுங்கள், கர்ப்பப்பையில் கட்டி இருக்கலாம். இரும்பு தொடங்கினால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தாலும் நன்றாகவே ஏறும், வயிறும் தாங்கும். காலை ஃபில்டர் காபிக்கும் மாத்திரைக்கும் நடுவே ஒரு மணி நேரமாவது இருக்கட்டும், காபியும் டீயும் இரும்பை ஏறவிடாது. மலம் கறுப்பாகப் போனால் பயப்பட வேண்டாம். மூன்று மாதம் கழித்து ஃபெரிட்டினை மறுபடி பார்க்க வேண்டும். சளிக்கு வீட்டில் அவில் போடுகிற பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள், அந்த வகை மாத்திரை காலில் ஊர்வதை அதிகமாக்கும்.

அடுத்தது குறட்டை. வீட்டில் சிரிக்கிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். நான் சிரிக்கவில்லை. காலையில் வாய் வறட்சி, தலைபாரம், எவ்வளவு தூங்கினாலும் தெளிவில்லை, மாலையில் ரயிலில் உட்கார்ந்த மாத்திரத்தில் தூக்கம். தூக்கத்தில் தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப்பாதையை அடைக்கிற நோயாக இது இருக்கலாம், ஸ்லீப் ஏப்னியா. மூச்சு அடைபடும், ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்கும், மூளை பதறி ஒரு நொடி எழுப்பி மூச்சை விடவைக்கும். அந்த விழிப்பு உங்களுக்கு நினைவில் இருக்காது. மணிக்கு 5 முறை வரை நடந்தால் பெரிதில்லை. 15க்கு மேல் நடுத்தரம், 30க்கு மேல் கடுமை. மணிக்கு முப்பது முறை யாராவது தோளைத் தொட்டு எழுப்பினால் ஒன்பது மணி நேரம் படுத்து என்ன பயன்? தொந்தியும் தடித்த கழுத்துமாக இருக்கிற ஆண்களுக்குத்தான் இது வரும் என்று டாக்டர்களே நினைத்துக்கொண்டிருந்த காலம் உண்டு. பெண்களுக்கு இது பெரும்பாலும் களைப்பாக, தூக்கமின்மையாக, காலைத் தலைவலியாகத்தான் முகம் காட்டும். நாற்பதைத் தாண்டி மாதவிடாய் நிற்கிற காலம் நெருங்கும்போது வாய்ப்பு கூடும். ஒல்லியாக இருந்தாலும் வரும்.

இங்கே ஒரு சின்ன வித்தியாசத்தைக் கவனியுங்கள். தூக்கம் வருவது வேறு, களைப்பு வேறு. நாள்பட்ட களைப்பு நோய் மட்டும் உள்ளவர்கள் பெரும்பாலும் “படுக்கத் தோன்றுகிறது, ஆனால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது” என்பார்கள். குர்லா ஸ்டேஷனின் இரைச்சலில், லேடீஸ் கம்பார்ட்மெண்டின் அந்த நெரிசலில், உட்கார்ந்தபடியே ஊர் தாண்டித் தூங்குவது தூக்கக் கடன். அதனால்தான் உங்கள் கடிதத்தில் மான்குர்டைப் படித்ததும் பேனாவால் வட்டம் போட்டேன்.

இதற்கு உங்கள் கணவரின் உதவி வேண்டும். இரண்டு இரவு, நீங்கள் தூங்கிய பிறகு, நள்ளிரவுக்கு மேல் ஒரு தடவை, விடியற்காலை நாலரை மணி வாக்கில் ஒரு தடவை, பத்துப் பத்து நிமிடம் போனில் உங்கள் குறட்டையைப் பதிவு செய்யட்டும். ஃபேனைக் குறைத்துவிட்டு, போனைத் தலையணைக்கு அருகில் வைத்தால் போதும். குறட்டை ஏறிக்கொண்டே போய்ச் சட்டென்று நின்று, பத்து விநாடிக்கு மேல் சத்தமே இல்லாமல், பிறகு திணறலோடு மறுபடி தொடங்குகிறதா என்று அவரே கேட்கட்டும். என்னிடம் வந்த ஒரு முலுண்ட் குடும்பத்தில் கணவர் அப்படிப் பதிவு செய்தார். அந்த அமைதி 22 விநாடி நீண்டது. “நான் பயந்துபோய் உலுக்கி எழுப்பிவிட்டேன் டாக்டர்” என்றார், கண் கலங்கியிருந்தது. அதற்கு முந்தைய வாரம்வரை அவரும் மனசு என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தவர்.

அந்தப் பதிவோடு ஒரு நுரையீரல் மருத்துவரையோ காது மூக்கு தொண்டை மருத்துவரையோ பாருங்கள், ஸ்லீப் ஸ்டடி எழுதித் தருவார்கள். வீட்டிலேயே விரலிலும் மூக்கிலும் மார்பிலும் மாட்டிக்கொண்டு தூங்குகிற கருவி இப்போது மும்பையில் எளிதாகக் கிடைக்கிறது. அதில் தெரிந்தால் சரி. அதில் ஒன்றும் தெரியாமல் சந்தேகம் மட்டும் இருந்தால், ஒரு இரவு ஆஸ்பத்திரியில் படுத்து முழு ஆய்வு செய்ய வேண்டும். வீட்டுக் கருவி மூளையலைகளைப் பார்க்காது, லேசான நோயைத் தவறவிடும். நோய் உறுதியானால் சிபேப் என்கிற காற்று மெஷின், மாஸ்க் வழியாகக் காற்றைத் தள்ளி மூச்சுப்பாதை அடைபடாமல் வைத்திருக்கும். முதல் வாரம் எல்லோருக்கும் எரிச்சலாகத்தான் இருக்கும். மாஸ்க் அளவை மாற்றி மாற்றிப் பார்த்து ஒரு மாதம் பொறுத்துக்கொள்ளச் சொல்வேன்.

அல்பிரசோலம் பற்றி. இந்த மாத்திரை தூங்கவைக்கும், ஆனால் ஆழ்ந்த தூக்கத்தைக் குறைக்கும். ஏப்னியா இருந்தால் தொண்டைச் சதையை இன்னும் தளர்த்தி, மூளை பதறி எழுப்புவதையும் தாமதமாக்கும். உங்களுக்கு எதிரான மாத்திரை அது. ஆனால் எட்டு மாதம் போட்டதை இன்றிரவே நிறுத்தக் கூடாது, தயவுசெய்து. திடீரென்று நிறுத்தினால் கை நடுக்கம், படபடப்பு, இரண்டு மடங்கு தூக்கமின்மை, சிலருக்கு வலிப்புகூட வரும். எழுதித் தந்த மருத்துவரிடமே போய், வாரக் கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக இறக்கச் சொல்லுங்கள். ஸ்லீப் ஸ்டடியின்போது இதைப் போட்டுக்கொண்டிருப்பதையும் அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, ஒட்டடை அடித்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். அதை நான் மறக்கவில்லை. இரும்பு, கால், குறட்டை மூன்றையும் சரிசெய்தாலும் அந்தச் செவ்வாய்க்கிழமை மறையாமல் இருக்கலாம்.

அமெரிக்காவின் இன்ஸ்டிட்யூட் ஆஃப் மெடிசின் 2015ல் நாள்பட்ட களைப்பு நோயைக் கண்டுபிடிக்க வரையறை ஒன்று கொடுத்தது. முன்பு இல்லாமல் புதிதாக வந்த, ஓய்வெடுத்தும் தீராத, பழைய வேலைகளைச் செய்யவிடாத களைப்பு ஆறு மாதத்துக்கு மேல் இருக்க வேண்டும். உழைப்புக்குப் பிறகு உடம்பு சரிய வேண்டும். தூங்கி எழுந்தும் புத்துணர்வு இல்லாமல் இருக்க வேண்டும். இவற்றோடு மூளை மந்தமோ, நின்றால் மோசமாவதோ, இரண்டில் ஒன்று. கவனித்தீர்களா, அந்த வரையறையில் ஒரு ரத்தப் பரிசோதனைகூட இல்லை. இதில் அந்தச் சரிவுதான் உயிர்நாடி: உழைத்த அன்று தெரியாமல், 12 மணியிலிருந்து 48 மணி நேரத்துக்குள் வந்து சாய்ப்பது, தொண்டை வலி, காய்ச்சல் வருவது போன்ற உணர்வு. நீங்கள் எழுதியிருப்பது அச்சு அசல் அது. என் பல வருடத் தொழிலின் தொடக்கத்தில் இதே வார்த்தைகளோடு வந்த ஒரு பெண்ணை டென்ஷன் என்று சொல்லி, தினமும் ஒரு மணி நேரம் நடங்கள் என்று அனுப்பினேன். இரண்டு மாதத்தில் வேலையை விட்டுவிட்டார் என்று கேள்விப்பட்டேன். அதன் பிறகு யார் வந்தாலும் “உழைத்த மறுநாள் எப்படி?” என்று கேட்காமல் நான் பேனாவை எடுப்பதில்லை. படிப்படியாக உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போவதை இங்கிலாந்தின் நைஸ் அமைப்பும் 2021ல் தன் வழிகாட்டலிலிருந்து எடுத்துவிட்டது.

மனசு என்கிற பேச்சுக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் டப்போ என்ற ஊரில் மூன்று விதக் கிருமிக் காய்ச்சல் வந்த 253 பேரை ஒரு வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். ஆறு மாதம் கழித்து 28 பேருக்கு இந்த நோய்க்கான அடையாளம் இருந்தது. யாருக்கு வந்தது என்று பார்த்தால், காய்ச்சல் கடுமையாக அடித்தவர்களுக்கு. மனநிலையோ குணமோ அதைத் தீர்மானிக்கவில்லை. உங்கள் கணவர் இந்தப் பத்தியைப் படிக்கட்டும்.

இனி வீட்டில் செய்ய வேண்டியது. ஒட்டடையை ஒரு அறை என்று நான்கு வாரத்துக்குப் பிரித்துக்கொள்ளுங்கள், அல்லது மகன் அடிக்கட்டும். நல்லாயிருக்கிற நாளில்தான் ஆபத்து அதிகம், “இன்றைக்குத் தெம்பாக இருக்கிறது, எல்லாவற்றையும் முடித்துவிடலாம்” என்று தோன்றும். தோன்றுகிற வேலையில் பாதியில் நிறுத்துங்கள். காய் நறுக்குவதை உட்கார்ந்து செய்யுங்கள், குளிக்கும்போதும் ஸ்டூல் போட்டுக்கொள்ளுங்கள். அலுவலகத்தில் கேட்டு ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்ப முடிந்தால் நின்றுகொண்டு வரும் பயணம் மிச்சமாகும்.

நின்றால் மோசமாகிறதா என்று பார்க்க ஒரு சின்னப் பரிசோதனை. காலையில் பத்து நிமிடம் படுத்திருந்து நாடித்துடிப்பை எண்ணச் சொல்லுங்கள். பிறகு எழுந்து சுவரில் முதுகைச் சாய்த்து, பாதம் சுவரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி, பேசாமல் அசையாமல் பத்து நிமிடம் நில்லுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை மகன் எண்ணி எழுதட்டும். பக்கத்தில் ஆள் இல்லாமல் செய்யாதீர்கள். கண் இருட்டினால் உடனே படுத்துவிடுங்கள். நிற்கும்போது துடிப்பு, படுத்திருந்தபோது இருந்ததைவிட 30க்கு மேல் கூடி அங்கேயே நின்றால் அது தனியாக வைத்தியம் செய்ய வேண்டிய விஷயம். தண்ணீர், உப்பு, காலுக்கு இறுக்கமான உறை, மருந்து என்று வழிகள் இருக்கின்றன. அந்தத் தாளை டாக்டரிடம் கொண்டுபோங்கள். பிரஷர் மாத்திரை எதுவும் போடுகிறீர்கள் என்றால் உப்பைக் கேட்காமல் கூட்டாதீர்கள்.

உங்கள் ரிப்போர்ட்டில் தைராய்டு, சர்க்கரை, பி12, கல்லீரல், சிறுநீரகம் எல்லாம் சரியாக இருக்கின்றன. மும்பையில் இருக்கிற எவருக்கும் நான் விடாமல் கேட்கிற இன்னொரு கேள்வி: மாலைக் காய்ச்சல், எடை குறைவு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல், ராத்திரி வேர்வை? ஒன்று இருந்தாலும் மார்பு எக்ஸ்ரேயும் சளிப் பரிசோதனையும் எடுத்து டி.பி. இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

மூன்று நான்கு மாதம் இரும்பு ஏறி, கால் அடங்கி, மூச்சு சீராகி, அல்பிரசோலம் இறங்கிய பிறகு என்ன மிச்சமிருக்கிறது என்று பார்ப்போம். முழுதும் சரியாகிவிடும் என்று நான் வாக்குக் கொடுக்க மாட்டேன். நாள்பட்ட களைப்பு நோய்க்குக் குணப்படுத்துகிற மருந்து இன்னும் வரவில்லை. எதிர்ப்புச் செல்களையே குறிவைக்கிற ரிடுக்சிமாப் ஊசியை நார்வேயில் 151 பேரிடம் முறையாகச் சோதித்தார்கள், 2019ல் முடிவு வந்தது. வெறும் ஊசியைவிட அது மேலாக இல்லை. ஆகவே யாராவது ‘இம்யூனிட்டி’ கேப்ஸ்யூல் விற்க வந்தால் அதற்கு மாதாமாதம் பணம் கட்டாதீர்கள், அந்தப் பணம் ஸ்லீப் ஸ்டடிக்கு ஆகும். ஆனால் களைப்பில் ஒரு பங்கு திருத்தக்கூடிய களைப்பு என்று உங்கள் தாள்களே சொல்கின்றன. அந்தப் பங்கு போனால் ஒட்டடை அடிக்க முடியாவிட்டாலும் ஒரு சாயங்காலம் விழித்தபடியே செம்பூரில் இறங்கி வீட்டுக்கு நடக்கலாம்.

மகனுக்கு அந்த டெஸ்ட் வேண்டாம். அட்வான்ஸைத் திருப்பிக் கேளுங்கள். தரவில்லை என்றாலும் 2,000 ரூபாய் போகட்டும், நோயில்லாத பிள்ளையின் கையில் ஊசி குத்தி இன்னொரு தடித்த எழுத்தை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மறுபடி எடுத்த ஃபெரிட்டின் முடிவும் ஸ்லீப் ஸ்டடி முடிவும் கையில் கிடைத்ததும் எனக்கு எழுதுங்கள், இந்தப் பக்கத்திலேயே தொடர்ந்து பேசலாம்.